சிற்றூர் வங்கிகள் அச்சிட்ட பழைய அமெரிக்க நோட்டுகள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இது: "பென்சில்வேனியாவில் ஒரு பழம்பொருள் கடையில், அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க் பெயர் போட்ட 1902 வரிசைப் பத்து டாலர் நோட்டைப் பார்த்தேன். இன்றைய டாலரை விடப் பெரியது. கடைக்காரர் 300 டாலர் கேட்கிறார். இது உண்மையான பணம்தானா? இவற்றைச் சேகரிக்கலாம் என்று ஆசை. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?"

உண்மையான பணம்தான். இன்றைக்கும் செல்லும், அமெரிக்கக் கருவூலம் அதற்குப் பத்து டாலர் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் 300 டாலர் நியாயமா என்பதை நோட்டின் அழகோ வயதோ தீர்மானிப்பதில்லை, அதன்மேல் எழுதியிருக்கும் ஊர் தீர்மானிக்கிறது. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஒரே மாதிரி அச்சு, ஒரே படம், ஒரே நிறம் கொண்ட இரண்டு நோட்டுகளில் ஒன்று நூறு டாலருக்கும் மற்றொன்று பத்தாயிரத்துக்கும் போகும். வேறுபாடு, நடுவில் இருக்கும் ஊர்ப்பெயர் மட்டுமே.

ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி என்ற ஒரே பெயரைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு கிராமத்து வங்கி எப்படிப் பணம் வெளியிட்டது என்பது வியப்பாகத்தான் இருக்கும். உள்நாட்டுப் போருக்கு முன்பு அமெரிக்காவில் மாநில அரசுகளிடம் அனுமதி பெற்ற 1,500-க்கும் மேற்பட்ட வங்கிகள் தத்தம் விருப்பப்படி நோட்டு அடித்தன. எது நல்ல நோட்டு, எது கள்ள நோட்டு, எது திவாலான வங்கியின் நோட்டு என்று கண்டுபிடிக்கவே வணிகர்கள் தனிப் பட்டியல் ஏடுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். போர்ச் செலவுக்குப் பணம் திரட்ட வேண்டியிருந்த லிங்கன் அரசு, நிதித்துறைச் செயலர் சால்மன் சேஸின் யோசனைப்படி 1863-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே அதைத் திருத்தி எழுதியது. ஏற்பாடு எளிமையானது. இந்தச் சட்டப்படி பதிவான வங்கி, அதாவது 'தேசிய வங்கி', அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி வாஷிங்டனில் கருவூலத்திடம் ஒப்படைக்க வேண்டும். அவற்றின் மதிப்பில் 90 விழுக்காடு வரை, வங்கியின் பெயர் அச்சிட்ட நோட்டுகளை அரசு கொடுக்கும். பத்திரத்துக்கு வட்டியும் வரும், நோட்டைக் கடன் கொடுத்து இன்னொரு வட்டியும் வரும். வங்கிக்கு இரட்டை வருமானம், அரசுக்குக் கடன் தர ஆள். மாநில வங்கி நோட்டுகளுக்கு 1865-இல் 10 விழுக்காடு வரி விதித்ததும் பழைய நோட்டுகள் ஒழிந்தன.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு, வங்கி திவாலானாலும் நோட்டு திவாலாகவில்லை என்பதுதான். 1893 நெருக்கடியிலும், 1930-களின் பெருமந்தத்திலும் நூற்றுக்கணக்கான சிற்றூர் வங்கிகள் கதவை மூடின. கணக்கு வைத்திருந்தவர்கள் பணத்தை இழந்தார்கள். ஆனால் அதே வங்கியின் நோட்டைக் கையில் வைத்திருந்தவருக்கு ஒரு காசும் நட்டமில்லை, ஏனென்றால் அதற்கு ஈடாகப் பத்திரம் கருவூலத்தில் இருந்தது.

சிற்றூர்களுக்குக் கதவை அகலத் திறந்தது 1900-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன்பு மிகச் சிறிய ஊரில் தொடங்குவதற்கும் 50,000 டாலர் மூலதனம் வேண்டும். 1900-இல், 3,000 பேருக்கு மிகாத ஊர்களுக்கு அது 25,000 டாலராகக் குறைந்தது. நோட்டு வெளியிடும் வரம்பும் பத்திர மதிப்பில் 100 விழுக்காடாக உயர்ந்தது. பத்தே ஆண்டுகளில் தேசிய வங்கிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்காகியது. தானியக் கிடங்கு, ரயில் நிலையம், நாலைந்து கடைகள் மட்டும் இருந்த ஊர்கள்கூடத் தம் பெயரில் பணம் வெளியிட்டன. நான் இந்தத் துறையில் மயங்கியது இந்த இடத்தில்தான். வரைபடத்திலேயே இன்று இல்லாத ஊர்களின் பெயர்கள், நாட்டின் சட்டப்பூர்வமான பணத்தில் முழு எழுத்தில் நிற்கின்றன.

இனி நோட்டைப் படிக்கும் முறை. உங்கள் கடைக்காரர் காட்டிய நோட்டையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் மெக்கின்லி படம் இருந்திருக்கும். முகப்பில் பெரிதாக ஓர் எண், கருவூல முத்திரையின் நிறத்திலேயே அச்சாகியிருக்கும். அதுதான் பட்டய எண். வங்கி பதிவான வரிசையில் அரசு கொடுத்தது. முதல் எண் ஃபிலடெல்ஃபியாவின் ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்குக்கு, 15-ஆம் எண் அயோவாவின் டேவன்போர்ட் வங்கிக்கு. ஆனால் எல்லோருக்கும் முந்திக் கதவைத் திறந்து வணிகம் தொடங்கியது டேவன்போர்ட்தான், 1863 ஜூன் 29 அன்று. இப்படி 14,000-க்கும் மேல் எண்கள் வழங்கப்பட்டன. கிழிந்த நோட்டுகள் வாஷிங்டனுக்குத் திரும்பியபோது வங்கிவாரியாகப் பிரிப்பதற்கு வசதியாக 1874 முதல் இந்த எண்ணை நோட்டிலேயே அடித்தார்கள். ஓரச் சட்டகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். அதே எண் மிகச் சிறியதாக அங்கங்கே பொறித்திருக்கும். "ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க்" என்ற பெயர் ஆயிரக்கணக்கான வங்கிகளுக்கு உண்டு; ஒரே ஊரில் ஒரே பெயரில் ஒன்று மூடி மற்றொன்று தொடங்கியதும் உண்டு. பட்டய எண் மட்டும் குழப்பாது.

நோட்டில் உள்ள தேதியை நம்பி அச்சான ஆண்டைச் சொல்லிவிடாதீர்கள். அது பெரும்பாலும் வங்கி பட்டயத்தை, அதாவது நடத்தும் உரிமத்தை, பெற்ற அல்லது புதுப்பித்த காலத்தை ஒட்டியது. 1905 என்று போட்ட நோட்டு 1920-களில் அச்சாகி வந்திருக்கலாம். பட்டயத்தின் ஆயுள் 20 ஆண்டு. புதுப்பிக்கும்போதுதான் வங்கி அடுத்த வரிசை நோட்டுக்கு, அதாவது புதிய வடிவத்துக்கு, மாறும். ஆகவே 1901-இல் பிறந்த வங்கி, 1902 வரிசை வந்த பிறகும், 1921 வரை 1882 வரிசை நோட்டுகளையே வெளியிட்டது. எதிர்த் தெரு வங்கி அதே நாட்களில் 1902 வரிசையைக் கொடுத்துக்கொண்டிருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் "1882 என்பதால் இது பழையது" என்று விலை ஏற்றுகிறவர்கள் நிறைய.

அதே 1902 வரிசையிலும் மூன்று வகை. 1908 வரை வந்தவை சிவப்பு முத்திரை. குறைந்த காலமே வந்ததால் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். அடுத்து நீல முத்திரையும் பின்பக்கம் 1902, 1908 என்ற இரு ஆண்டுகளும் கொண்டவை. கடைசியாக, நீல முத்திரையோடு பின்பக்கம் ஆண்டு எதுவும் இல்லாதவை. பெரிய அளவு நோட்டுகளில் இன்று அதிகம் கிடைப்பது இவைதான். வரிசை எண்களையும் பாருங்கள். மேலே வலப்பக்கம் கருவூலத்தின் எண், கீழே இடப்பக்கம் வங்கியின் எண். 1925-இல் கருவூல எண்ணை நிறுத்திவிட்டு வங்கியின் எண்ணையே இரண்டு இடத்திலும் அடித்தார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நோட்டு 1925-இலோ அதற்குப் பின்போ வந்தது என்று சொல்லலாம்.

அந்த வங்கி எண் நோட்டை எண்ணியதல்ல, தாளை எண்ணியது. நான்கு நோட்டுகள் ஒரே தாளில் அச்சாகி, வெட்டாமல் அஞ்சலிலோ ரயிலிலோ வங்கிக்குப் போகும். மூன்று பத்து டாலரும் ஓர் இருபது டாலரும் சேர்ந்த தாள் மிகவும் வழக்கம். நான்குக்கும் ஒரே எண். ஒரே மதிப்புள்ள நோட்டுகளில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துதான் வேறுபடும். ஊரில் காஷியரும் தலைவரும் மையைத் தொட்டுக் கையெழுத்துப் போட்டு, பிறகு கத்தரியால் வெட்டிப் புழக்கத்தில் விடுவார்கள். இடப்பக்கம் காஷியர், வலப்பக்கம் தலைவர். அன்றைய அமெரிக்க வங்கியில் காஷியர் என்றால் பணம் எண்ணிக் கொடுப்பவர் அல்ல, அன்றாட நிர்வாகத்தையே நடத்தியவர். ஓரம் கோணலாக வெட்டியிருப்பதைப் பார்த்துக் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் கோணல் வங்கி மேசையில் உண்டானது. பின்னாளில் ஒருவர் ஓரத்தை நேராக்கிச் செதுக்கியிருந்தால்தான் நோட்டு கெட்டுப்போனது.

கையெழுத்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம். 1901 ஜூலை 3 அன்று மொன்டானாவில் வேக்னர் என்ற இடத்தருகே 'வைல்ட் பன்ச்' கொள்ளைக் கூட்டம் கிரேட் நார்தர்ன் ரயிலை மறித்துப் பெட்டகத்தைத் தகர்த்தது. கிடைத்தது ஏறத்தாழ 40,000 டாலர், அதில் பெரும்பகுதி ஹெலினா நகர வங்கிக்குப் போய்க்கொண்டிருந்த, கையெழுத்திடாத தேசிய வங்கி நோட்டுகள். கூட்டத்தினர் தாங்களே அதிகாரிகளின் பெயரை எழுதிச் செலவழித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் செயின்ட் லூயிஸில், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த லாரா புல்லியன் அந்த நோட்டுகளோடு பிடிபட்டார். கையெழுத்துகளை எழுதியதே அவர்தான் என்ற சந்தேகமும் இருந்தது. திருடிப் பொய்க் கையெழுத்திட்ட நோட்டானாலும் அதை வாங்கிய அப்பாவிக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முன்பே சட்டம் செய்திருந்தது.

நோட்டில் இன்னும் இரண்டு கையெழுத்துகள் அச்சில் இருக்கும். கருவூலப் பதிவாளருடையது, பொருளாளருடையது. 1882 வரிசைப் பழுப்பு நிறப் பின்பக்க நோட்டுகள் சிலவற்றில் 'பி. கே. புரூஸ்' என்று பார்ப்பீர்கள். பிளாஞ்ச் புரூஸ் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர், மிசிசிப்பியிலிருந்து செனட் உறுப்பினராகி, 1881-இல் கருவூலப் பதிவாளரானவர். அமெரிக்கப் பணத்தில் கையெழுத்து இடம்பெற்ற முதல் கறுப்பின மனிதர். அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் சிற்றூர் வங்கி நோட்டுகளிலும் அந்தக் கையெழுத்து இருந்தது. என்னிடம் ஒரே ஒரு நோட்டை வைத்துக்கொள்ளச் சொன்னால் அப்படி ஒன்றைத்தான் வைத்துக்கொள்வேன்.

வங்கித் தலைவர்கள் எல்லோரும் ஆண்கள் என்றும் நினைக்க வேண்டாம். மேரிலாந்தின் போர்ட் டெபாசிட்டில் சீசில் நேஷனல் பேங்கை, கணவர் ஜேக்கப் டோம் 1898-இல் இறந்த பிறகு எவலின் டோம் தலைமையேற்று நடத்தினார். பெண்கள் கையெழுத்திட்ட நோட்டுகளை மட்டுமே தேடுகிற சேகரிப்பாளர்கள் உண்டு. தேடத் தகுந்த துறை அது.

விலைக்கு வருவோம். கிழிந்த நோட்டு வாஷிங்டனுக்குப் போய்க் கூழாகிவிடும் என்பதால், எஞ்சியவை தற்செயலாகத் தப்பியவை. பைபிளுக்குள் வைத்து மறந்தது, வங்கி திறந்த நாளில் காஷியர் குடும்பம் நினைவாக எடுத்துவைத்த முதல் எண் நோட்டு, இப்படி. ஒரு வங்கி எத்தனை நோட்டு வெளியிட்டது என்பதற்கு அரசுப் பதிவு இருக்கிறது. இன்று எத்தனை கண்ணில் பட்டிருக்கின்றன என்பதைச் சேகரிப்பாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். ஏல அறிவிப்புகளில் "பெரியது 4, சிறியது 9" என்ற மாதிரி வரும். அந்த வங்கியின் பெரிய அளவு நோட்டுகள் நான்கும், 1929-க்குப் பிந்தைய சிறிய அளவு நோட்டுகள் ஒன்பதும் அறியப்பட்டவை என்று பொருள். 300 டாலரைக் கொடுப்பதற்கு முன்பு இந்தக் கணக்கெடுப்பில் பட்டய எண்ணைத் தேடுங்கள். ஐம்பது, அறுபது பெரிய நோட்டுகள் பதிவாகியிருந்தால், நடுத்தர நிலையில் உள்ள நீல முத்திரைப் பத்து டாலருக்கு அந்த விலை அதிகம். ஐந்தாறுதான் என்றால், நோட்டு கசங்கியிருந்தாலும் தயங்க வேண்டாம்.

பென்சில்வேனியா தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்கு நல்ல மாநிலம். வேறெந்த மாநிலத்தையும் விட அதிக வங்கிகள் அங்கே நோட்டு வெளியிட்டன. நியூயார்க், ஒஹாயோ, இல்லினாய் மாநிலங்களிலும் நிறையக் கிடைக்கும். நெவாடா, அரிசோனா, வயோமிங் என்றால் விலை கைக்கு எட்டாது. அலாஸ்கா, ஹவாய், அல்லது மாநிலமாவதற்கு முந்தைய 'டக்கோட்டா பிரதேசம்' என்று அச்சான நோட்டுகள் பெரும் சேகரிப்பாளர்களின் களம். கொள்ளையர் கதைகளும் விலையை ஏற்றும். 1876 செப்டம்பர் 7 அன்று ஜெஸ்ஸி ஜேம்ஸ் கூட்டம் புகுந்த மின்னசோட்டாவின் நார்த்ஃபீல்ட் வங்கி அப்படிப்பட்டது. பெட்டகத்தைத் திறக்க மறுத்த ஜோசஃப் லீ ஹேவுட் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வங்கிக் கட்டடம் இன்று அருங்காட்சியகம்.

நான் சொல்லும் வழி இது. மாநிலம் முழுவதையும் சேர்க்க நினைக்காதீர்கள். ஒரு கவுன்டியை (நம் மாவட்டம் போன்றது) எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் வசிப்பதோ அடிக்கடி போய்வருவதோ ஆக இருந்தால் நல்லது. அங்கே நோட்டு வெளியிட்ட வங்கிகளைப் பட்டியலிட்டால் பத்தோ இருபதோ வரும். பிறகு ஒவ்வொன்றையும் தேடுங்கள். பண நோட்டுச் சேகரிப்பாளர் சங்கம் 1961 முதல் இயங்குகிறது; அதன் இணையக் களஞ்சியத்தில் வங்கிவாரியாக வரலாறு சேர்த்து வருகிறார்கள். தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் நாணயக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் பழைய ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தலைவர், காஷியர் பெயர்கள் ஆண்டுதோறும் அவற்றில் உண்டு. ஒருவர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை காஷியராக இருந்தார் என்று பார்த்தால், அவர் கையெழுத்திட்ட நோட்டு எந்தக் காலத்தில் கைமாறியது என்று சொல்லிவிடலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் ஏற்றிவைத்துள்ள பழைய செய்தித்தாள்களில் அந்தப் பெயரைத் தேடுங்கள். அவர் ஆலை நடத்தியது, பள்ளிக் குழுவில் இருந்தது, 1931-இல் வங்கி மூடியபோது ஊர் அவரைப் பற்றிப் பேசியது எல்லாம் வரும். இந்தத் தேடலில்தான் சேகரிப்பின் முழு இன்பமும் இருக்கிறது. தரம் பிரிக்கும் நிறுவனம் உறையின்மேல் போட்ட மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

குறைந்த செலவில் தொடங்க 1929 வரிசைச் சிறிய நோட்டுகள் ஏற்றவை. இன்றைய டாலர் அளவு, பழுப்பு முத்திரை, கையெழுத்துகளும் அச்சிலேயே இருக்கும். சாதாரண ஊர் என்றால் நூறு டாலர் சுற்றில் கிடைக்கும். இவற்றில் இரண்டு வகை. பட்டய எண் கறுப்பில் மட்டும் இருந்தால் முதல் வகை. பழுப்பு நிறத்திலும் மீண்டும் அச்சாகியிருந்தால் 1933 முதல் வந்த இரண்டாம் வகை. பல சிறு வங்கிகள் இரண்டாம் வகையை மிகக் கொஞ்சமே வெளியிட்டதால், எளிதான ஊர் என்று நினைத்ததுகூட அந்த வகையில் அரிதாக இருக்கும். 1935-இல் அரசு ஈடுப் பத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டதோடு எல்லாம் முடிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அதே 1929 வரிசையில், அதே பழுப்பு முத்திரையோடு, "நேஷனல் கரன்சி" என்ற அதே தலைப்போடு பன்னிரண்டு ஃபெடரல் ரிசர்வ் வங்கிகளின் நோட்டுகளும் வந்தன. பட்டய எண் இருக்காது. ஏ முதல் எல் வரை ஓர் எழுத்துதான் இருக்கும். அவை பெருமளவில் புழங்கியவை, சிற்றூரோடு தொடர்பில்லாதவை. "அரிய வங்கி நோட்டு" என்று சொல்லி இவற்றை விற்பது அன்றாடம் நடக்கிறது. இன்னொன்று, மஞ்சளித்த தடித்த காகிதத்தில் 1840 தேதியிட்ட, 8894 என்ற எண் கொண்ட, 'பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' ஆயிரம் டாலர் நோட்டு. நினைவுப் பொருளாக எண்ணற்ற பிரதிகள் அடிக்கப்பட்டது. எந்தப் பரணில் கிடைத்தாலும் மதிப்பில்லை.

நல்ல நோட்டைக் கெடுத்து விற்பது கள்ள நோட்டை விட அதிகம் நடக்கிறது. சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செதுக்குத் தகட்டில் அச்சானதால் மை மேடாகத் தெரிய வேண்டும். பின்பக்கம் அச்சின் அழுத்தம் லேசாகத் தட்டுப்பட வேண்டும். கழுவி, தேய்த்து மடமடப்பாக்கிய நோட்டில் அந்த அழுத்தம் போய்விடும், காகிதம் உயிரற்ற வெண்மையாக இருக்கும், முத்திரையின் நிறம் வெளுத்திருக்கும். அடுத்துக் கையெழுத்து. நூறாண்டு மை பழுப்பேறி மங்கிப்போவது இயல்பு. மங்கிய கையெழுத்தின் மேல் புதிதாக எழுதியிருந்தால் உருப்பெருக்கியில் இரண்டு கோடுகள் தெரியும். மங்கியதை வாங்குங்கள், மீண்டும் எழுதியதை வாங்காதீர்கள். ஐந்நூறு டாலருக்கு மேல் போகும்போது, தரம் பிரிக்கும் நிறுவனம் சான்றளித்த நோட்டாக வாங்குவது பாதுகாப்பு.

வீட்டுக்கு வந்த நோட்டைப் பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். மெதுமெதுப்பான மலிவு பிளாஸ்டிக் உறை நாளடைவில் கசிந்து காகிதத்தை ஒட்டிக்கொள்ளும். லேமினேட் செய்வது, ஒட்டுநாடா ஒட்டுவது, அழுக்கை அழிப்பானால் தேய்ப்பது எதுவும் வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து, பட்டய எண், வங்கி வரிசை எண், தாள் எழுத்து மூன்றையும் குறித்து வையுங்கள். அந்த நோட்டு கணக்கெடுப்பில் இல்லை என்றால் படத்தை அனுப்பிப் பதிவு செய்யுங்கள். எண்ணிக்கை ஒன்று கூடினால் விலை குறையும் என்று மறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சில ஊர்களுக்கு இந்த நோட்டுகளைத் தவிர வேறு அடையாளம் மிஞ்சவில்லை, அவற்றைத் தேடி வருகிற அடுத்தவருக்கு அந்தப் பதிவு ஒன்றுதான் வழி.